குமரி மாவட்டத்து இளம் டாக்டர்களுக்கு ஒரு நர்சம்மாவின் திறந்த மடல்

அன்புள்ள டாக்டர் பிள்ளைகளே,

வணக்கம். விளவங்கோடு தாலுகாவில் 29 வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்களில் சிலருக்கு முதல் தடுப்பூசி போட்டது நானாகக்கூட இருக்கலாம். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். ஹவுஸ் சர்ஜனாக இருப்பவர்கள், எந்தப் பி.ஜி. எடுக்கலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருப்பவர்கள், படிப்பை முடித்து ஏதோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்திருப்பவர்கள், எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்களில் நாலு பேராவது கேன்சர் படிப்புக்குப் போங்கள். போனவர்கள் படித்து முடித்ததும் எங்கள் சப் சென்டர் வாசல் வரைக்கும் வாருங்கள். வேறு துறைக்குப் போகிறவர்கள், எந்த நோயாளி வந்தாலும் ஒரு டார்ச் அடித்து வாய்க்குள் பார்க்கிற பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். பார்த்ததில் சந்தேகம் வந்தால், அந்த ஆள் சிகிச்சைக்குப் போய்ச் சேரும்வரை கையை விடாதீர்கள். இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லத்தான் உண்மையில் பேனாவை எடுத்தேன்.

கருங்கல் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்த்தாள் அவள். அக்கா என்றே சொல்கிறேன், பெயர் வேண்டாம். வறுத்த அண்டியை உடைக்கும்போது தோட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். அதற்காகக் கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டு உட்காருவார்கள். அப்படியும் விரல் நுனியெல்லாம் கறுத்துத்தான் இருக்கும். எடைக்குத்தான் கூலி என்பதால் எழுந்து போய் வர மனசு வராது. காலையில் வாயில் போட்ட வெற்றிலையும் புகையிலையும் சாயங்காலம் வரைக்கும் கன்னத்தில் ஒதுங்கிக் கிடக்கும்.

2001-ஆம் வருஷம் என்று நினைவு. போலியோ சொட்டு மருந்து கொடுக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேரப்பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தவள், போகிற போக்கில் சொன்னாள்: “சிஸ்டரே, மரச்சீனியும் மீன்கறியும் தின்ன முடியல்ல. வாயெல்லாம் எரியுது.” வெயில் படுகிற பக்கம் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். இடது கன்னத்தின் உள்பக்கம், கடைவாய்ப் பல்லுக்கு நேராக, காய்ந்த கஞ்சி ஒட்டினது போல ஒரு வெள்ளை. பஞ்சால் துடைத்தேன், போகவில்லை. அவளுடைய மூன்று விரலை நெட்டாக வைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். இரண்டுதான் நுழைந்தது.

எனக்குச் சந்தேகம் வந்தது. சரியாகத்தான் வந்தது. “நாளைக்கே டவுனுக்குப் போய்க் காட்டு அக்கா” என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். அதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

அவள் போகாமல் இல்லை. போனாள். முதல் நாள், இங்கே இல்லை, பல் டாக்டரிடம் போ என்றார்கள். அவர் அன்றைக்கு வரவில்லை. இரண்டாம் முறை போனபோது, சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும், வியாழக்கிழமை வா என்றார்கள். அந்த வியாழக்கிழமை பேரனுக்குக் காய்ச்சல். மூன்றாம் முறை சதை எடுத்தார்கள். ரிசல்ட்டுக்கு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். மூன்று நாள் கூலி போயிருந்தது, பஸ் காசு தனி. அதற்குள் எரிவும் கொஞ்சம் அடங்கியிருந்தது. அவள் போகவில்லை. ரிசல்ட் அங்கே ஏதோ ஒரு மேசையில் இருந்திருக்கும். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் அவள் வீட்டுப் படி ஏறிக் கேட்கவில்லை. பத்து மாசம் கழித்து வந்தபோது கழுத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி. ஆபரேஷன் பண்ணினார்கள், கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தார்கள். ஒன்றரை வருஷம் இருந்தாள்.

எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று சொல்லமாட்டேன். அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள். நடுவில் இருந்த வழியில் அவளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் ஆள் இல்லாமல் போனது.

நம்ம ஊரில் ஒருவருக்குக் கேன்சர் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். “ஆர்.சி.சி.க்குக் கொண்டு போயிருக்காவ” என்பார்கள். திருவனந்தபுரத்தில் இருக்கிற மண்டலப் புற்றுநோய் மையம்தான் அது. கேட்டவரும் அதற்கு மேல் கேட்க மாட்டார். 1956 நவம்பர் 1 முதல் நாம் தமிழ்நாடு. ஆனாலும் இந்த நோய் என்றால் கால் தானாகக் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்குப் போகிறது. விடியற்காலை குழித்துறை ஸ்டேஷனில் நின்று பாருங்கள். ஒரு கையில் ஸ்கேன் கவர், இன்னொரு கையில் சோற்றுப் பாத்திரம், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்ட ஒரு பெண், பக்கத்தில் அவள் புருஷனோ தம்பியோ. அந்த ஆர்.சி.சி. ஆஸ்பத்திரி 1981-இல் தொடங்கியது. முதல் இயக்குநர் டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர். கையில் காசு இருக்கும்போது ஒரு சிறு தொகையைக் கட்டி வைத்தால், நோய் வருகிற காலத்தில் உதவும் என்று 1986-லேயே ஒரு திட்டம் கொண்டு வந்தவர். 2021-இல் காலமானார். அதே வருஷம் ஜனவரியில்தான் சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி டாக்டர் சாந்தா அம்மாவும் போனார். 12 படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரியில் 1955-இல் சேர்ந்து, கடைசிவரை அங்கேயே இருந்தவர். நம்ம நெய்யூருக்கும் இந்த மாதிரி ஒரு கதை உண்டு. 1922-இல் எவரெஸ்ட் ஏற வந்த சோமர்வெல் என்ற சர்ஜன், நெய்யூர் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டன் வேலையை வேண்டாம் என்று விட்டு இங்கேயே வந்துவிட்டார்.

இவர்களையெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் சொல்ல நினைத்தது டாக்டர் ஆர். சங்கரநாராயணனைப் பற்றி. அவரைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு வரி வந்தாலே அதிகம். திருவனந்தபுரம் ஆர்.சி.சி.யில் கேன்சர் டாக்டராக இருந்தவர். 1990-களில் பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரத்துக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்துக்குப் போனார். போனவர் அங்கே உட்கார்ந்து பார்த்தது ஏழை நாடுகளின் வேலையைத்தான். பேப்பரில் எழுதிக் கொடுப்பதோடு நிற்காமல், டாக்டர் குறைவான ஊரில், லேப் இல்லாத ஊரில், நர்சையும் படித்த ஊர்ப் பிள்ளைகளையும் வைத்துக் கேன்சர் சாவைக் குறைக்க முடியுமா என்று லட்சக்கணக்கான பேரிடம் வருஷக்கணக்கில் போட்டுப் பார்த்தவர். அவருடைய ஆய்வுகளை என் மகளை உட்கார வைத்துத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டேன். கேட்ட அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்து. 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை இரண்டு தரப்பாகப் பிரித்தார்கள், மொத்தம் ஏறக்குறைய 1,92,000 பேர். ஒரு தரப்பில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி கொடுத்த பட்டதாரிப் பிள்ளைகள். புகையிலை, சாராயப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு, பார்க்காத தரப்பைவிட 34 சதவீதம் குறைந்திருந்தது. 2005-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஆய்வு தொடங்கினது 1996-இல். அதாவது, எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை டார்ச்சும் நோட்டுமாகப் படியேறி, “அம்மச்சி, வாயைத் திறங்க” என்று கேட்டுக்கொண்டிருந்த அதே வருஷங்களில்தான், இந்தப் பக்கம் நான் அக்காவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்தது திண்டுக்கல். இது நம்ம மாநிலம். 2000-இல் தொடங்கியது, 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு. கர்ப்பப்பை வாயில் நாலு சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தடவிவிட்டு ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும். சமையலறை வினிகர்தான் அது, வேறொன்றுமில்லை. மாறுதல் வந்த இடம் வெளுத்துத் தெரியும். பார்த்தவர்கள் நர்சுகள். 31,343 பேர் வந்து பார்த்துக்கொண்டார்கள். 3,088 பேருக்குச் சந்தேகம். அதில் 3,052 பேருக்கு அடுத்த கட்டமான கால்போஸ்கோப்பி, அதாவது அந்த இடத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது, முடிந்துவிட்டது. இந்த இரண்டு எண்ணையும் நிதானமாகப் பாருங்கள், மக்களே. மூவாயிரத்துச் சொச்சம் கிராமத்துப் பெண்களில் வழியில் விட்டுப்போனது 36 பேர். எங்கள் அக்காவை விட்டதுபோல் விடவில்லை.

எப்படி முடிந்தது? அவர்கள் இன்னொரு ஊருக்குச் சீட்டு எழுதவில்லை. பார்த்த அதே நாள், அதே இடத்தில், அதே நர்ஸ் கால்போஸ்கோப்பி செய்தார், தேவைப்பட்டால் சதை எடுத்தார், தேவையானவர்களுக்கு அந்த இடத்தைக் குளிரால் உறைய வைத்து அழித்தும் விட்டார். வியாழக்கிழமை வா என்ற பேச்சே இல்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் எழுதினார்கள். அந்த 35-ஐ உங்கள் பேராசிரியர்கள் வினிகரின் கணக்கில் எழுதுவார்கள். 29 வருஷம் வீடு வீடாக அலைந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அதில் பெரும் பங்கு அந்த ஒரே நாளுக்குத்தான்.

மாலி, நைஜர், கினி, புர்கினா பாசோ, காங்கோ என்று ஆப்பிரிக்காவிலும் இதே பரிசோதனைகளைப் போட்டுப் பார்த்தார்கள். அந்த நாடுகளின் நிலைமை தெரிய வேண்டுமென்றால் உகாண்டாவைப் பாருங்கள். தலைநகரத்தில் இருந்த ஒரே ஒரு கோபால்ட் மெஷின் 2016-இல் பழுதாகி நின்றது. அதோடு அந்த நாடு முழுவதுக்கும் கரண்ட் வைப்பது நின்றுபோனது. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ரயில் இருக்கிறது. இத்தனை இருந்தும் நாம் அக்காவை விட்டோம்.

சங்கரநாராயணன் சொன்னதெல்லாம் வினிகரோடு நின்றுவிடவில்லை. மகாராஷ்டிரத்தில் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2009-இல் வந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை வரவைக்கிற வைரஸுக்குப் பெயர் எச்.பி.வி. வாழ்நாளில் ஒரே ஒரு முறை அதற்கான பரிசோதனை செய்துகொண்ட குழுவில் அந்தப் புற்றுநோயால் 34 பேர் இறந்தார்கள். எந்தப் பரிசோதனையும் கிடைக்காத குழுவில் 64 பேர். வினிகர் குழுவில் அந்த அளவுக்குச் சாவு குறையவில்லை. ஆகவே அந்த டெஸ்ட் கிடைக்கிற இடத்தில் அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அந்த 64 பேரை நான் அடிக்கடி நினைப்பேன். ஒரு தரப்புக்குப் பார்த்து, இன்னொரு தரப்பைப் பார்க்காமல் விட்டது சரியா என்று அப்போதே கேள்வி எழுந்தது. எழத்தான் வேண்டும். அவர்கள் கொடுத்த கணக்கு நம் கையில் இருக்கிறது, மக்களே. அதைப் படித்துவிட்டு அலமாரியில் வைத்துவிட நமக்கு உரிமை இல்லை.

தடுப்பூசியிலும் அவர் பெயர் வரும். எச்.பி.வி. ஊசி இரண்டு போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்க்க 2009-இல் ஒரு ஆய்வு தொடங்கினார்கள். அடுத்த வருஷமே அரசு எல்லா எச்.பி.வி. ஆய்வையும் நிறுத்தச் சொன்னது. ஆயிரக்கணக்கான பெண்பிள்ளைகள் ஒரே ஊசியோடு நின்றுவிட்டார்கள். இன்னொருவராக இருந்தால் கோப்பை மூடியிருப்பார். இவர்கள் அந்தப் பிள்ளைகளை விடாமல் வருஷக்கணக்கில் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். ஒரு ஊசியே நன்றாகக் காக்கிறது என்று தெரிந்தது. ஒரு ஊசியும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னதற்கு, அந்தப் பிள்ளைகளிடமிருந்து வந்த கணக்கும் ஒரு காரணம். எத்தனையோ ஏழை நாட்டுக்குச் செலவு குறைய வழி பிறந்தது. ஒரு டாக்டர் வாழ்க்கையில் இதைவிட என்ன வேண்டும், சொல்லுங்கள்.

வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அக்காவின் கடைசி இரண்டு மாசம் நான் போய் வந்துகொண்டிருந்தேன். புண்ணைக் கழுவிவிடுவேன். ராத்திரி அவள் முனகுகிற சத்தம் அடுத்த வளவு வரைக்கும் கேட்கும். கடும் வலியை அடக்குகிற மார்பின் மாத்திரைக்காக அவள் மகன் எல்லை தாண்டிப் போய் வரணும், ஒரு முறை போக ஒரு நாள் போய்விடும். 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மார்பின் வைத்திருக்கவே ஆஸ்பத்திரிகள் தயங்கின காலம் அது. திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலைப் போன்றவர்கள் வருஷக்கணக்கில் போராடி, 2014-இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. மெஷின் இல்லாமல் தவித்த அதே உகாண்டாவில், மார்பின் பொடியைத் தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் கொடுக்கிறார்கள். 1993-இல் அங்கே ஹாஸ்பிஸ் என்கிற, தீராத நோயாளிகளின் வலியைத் தணிக்கிற இல்லத்தைத் தொடங்கிய ஆன் மெரிமன் என்ற டாக்டர் அம்மா செய்த வேலை அது. பயிற்சி பெற்ற நர்சுகளே மார்பின் எழுதிக் கொடுக்கவும் அங்கே சட்டம் இடம் தருகிறது. நம்ம மாவட்டத்தில் எந்த டாக்டராவது மார்பினுக்குப் பயந்தால், தயவுசெய்து ஒரு ராத்திரி என்னோடு ஒரு வீட்டில் வந்து இருங்கள்.

இப்போது நம்ம ஊர் நிலவரம். 2023 நவம்பரில் அரசு வாய், மார்பு, கர்ப்பப்பை வாய் மூன்றுக்கும் பரிசோதனைத் திட்டத்தை முதலில் நாலு மாவட்டங்களில் தொடங்கியது. ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், அப்புறம் நம்ம கன்னியாகுமரி. இது சின்ன விஷயம் இல்லை. நான் வேலையில் இருந்தபோது கனவிலும் நினைக்காதது. வீட்டுக்கு அழைப்புச் சீட்டு வருகிறது. அந்தச் சீட்டு டி.வி.க்கு மேலே, ரேஷன் கார்டுக்கு அடியில் கிடப்பதையும் பார்க்கிறேன். கேட்டால், “நல்லா இருக்கிற உடம்புக்கு எதுக்கு சிஸ்டரே?” என்கிறார்கள். சிலருக்கு வெட்கம். சிலருக்கு ஒரு நாள் கூலி. போய் வந்த ஒருத்தி வந்து, “ஒரு நிமிஷம்கூட நிக்கல, தடவினாவ, பார்த்தாவ, போன்னாவ” என்றாள். அந்த ஒரு நிமிஷத்தை நின்று கொடுங்கள், பிள்ளைகளே. கூட்டம் எவ்வளவு இருந்தாலும் சரி.

கடற்கரைப் பக்கம் போனால் வேறொரு கேள்வி வரும். மணவாளக்குறிச்சி, மிடாலம் பக்கம் யாரிடம் பேசினாலும், கதிர்வீச்சு உள்ள இந்தக் கடற்கரை மணலால்தானே எங்களுக்குக் கேன்சர் வருகிறது என்று கேட்பார்கள். கேரளத்தில் கருநாகப்பள்ளியில் இதே மாதிரி மணல். அங்கே 1990 முதல் ஆர்.சி.சி. வீடு வீடாகக் கணக்கு வைத்துத் தொடர்ந்து பார்த்தது. அந்தக் கதிர்வீச்சால் கேன்சர் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-இல் வெளியிட்டார்கள். ஆனால் அது அவர்கள் ஊர்க் கணக்கு. நம்ம கரையில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் அதைச் சொல்லி வாயை மூட வைக்க எனக்கு மனசு வராது. இந்த மண்ணில் பிறந்த ஒரு டாக்டர் நம்ம கடலோர ஊர்களில் உட்கார்ந்து, வருஷக்கணக்கில் எண்ணி, அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். பதில் எதுவாக இருந்தாலும் அது அவர்களுக்குச் சேர வேண்டிய பதில்.

நான் கேட்பது பெரிய பணம் பிடிக்கிற காரியம் எதுவும் இல்லை. நீங்கள் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நோட்டுப் போடுங்கள். சந்தேகம் என்று அனுப்பிய ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தார், ரிசல்ட் என்ன, சிகிச்சை எப்போது தொடங்கியது என்று எழுதுங்கள். கோடு காலியாக இருந்தால் அந்தப் பகுதி செவிலியருக்கு ஒரு போன் போடுங்கள். அவள் வீட்டுக்குப் போவாள், அந்த அம்மாளைக் கூட்டிக்கொண்டு வருவாள். எங்களால் அது முடியும். எங்களுக்கு யாரும் சொல்லாததுதான் குறை. பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிற நீங்கள், கிராமத்திலிருந்து சீட்டோடு வருகிறவரை அன்றைக்கே பார்த்து, அன்றைக்கே சதை எடுத்து அனுப்புங்கள். திண்டுக்கல்லில் நர்சுகளால் முடிந்தது.

இப்போது நானும், என்னோடு ஓய்வு பெற்ற இரண்டு செவிலியர்களும் மாசத்தில் இரண்டு சனிக்கிழமை ஒரு அண்டி ஆபீஸுக்குப் போகிறோம். கையில் டார்ச், ஐஸ் குச்சி, நோட்டு. வரிசையாக நிற்க வைத்து வாயைப் பார்க்கிறோம். எங்களுக்குச் சந்தேகம் வருகிற இடங்களை அப்போதே பார்த்துச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டும். உங்களில் ஒருவர் வருவதாக இருந்தால் உங்கள் பகுதி செவிலியரிடம் சொல்லி அனுப்புங்கள், செய்தி எனக்கு வந்து சேரும். அங்கே பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடிப்பார்கள். பன்னிரண்டுக்கே வந்துவிடுங்கள். சாப்பிட்டதும் வெற்றிலை போட்டுவிடுவார்கள், அதற்குப் பிறகு வாய்க்குள் ஒன்றும் தெரியாது.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
விளவங்கோடு தாலுகா, கன்னியாகுமரி மாவட்டம்